மூன்றாம் தண்ணீர்

முதல் கொப்புளத்தை லேப்பில் கைகழுவும் தொட்டிக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியில்தான் பார்த்தேன். கழுத்தெலும்புக்குக் கீழே, மிளகளவில் ஒன்று. உள்ளே தெளிந்த நீர், சுற்றிலும் சிவப்பு. ரோஜா இதழில் நிற்கும் பனித்துளி போல இருக்கும் என்று டிப்ளமோ வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்கு அது கொதிக்கிற எண்ணெய் தெறித்த மாதிரிதான் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் விரலால் தடவினேன். அங்கே இன்னும் சில.

எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை. விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். அம்மாவும் அப்பாவும் திண்டிவனத்தில். எதையும் ஒன்று, இரண்டு என்று போட்டுப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு சீராகும். தொட்டியருகில் நின்றபடியே போட்டுப் பார்த்தேன். ஒன்று, இது சின்னம்மை. இரண்டு, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே இது மூச்சுக் காற்றில் அடுத்தவருக்குப் போகும். மூன்றாவதற்கு வந்தபோது தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை. நேற்று நான் திண்டிவனத்தில் இருந்தேன். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவுடன் ஒரே பாயில் படுத்து, அவளுடைய வீங்கிய கால்களை என் மடியில் போட்டுப் பிடித்துவிட்டேன். அவளுக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பது தொடங்கியிருந்தது.

லேப்பின் டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். அவருடைய அறை வாசலில் நின்றபடியே சொன்னேன். நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"அக்காவுக்கு முன்னாடி வந்திருக்கா?"

"தெரியல சார்."

"அத மொதல்ல கேளு. வந்திருந்தா ஒண்ணுமில்ல. வரலைன்னா ரெண்டு மூணு வாரத்துல அவளுக்கு வரலாம். அது பிரசவத்த ஒட்டி வந்துதுன்னா பேஜாரு. தாய்கிட்டருந்து நோய் மட்டும் புள்ளைக்குப் போவும், எதிர்ப்பு சக்தி போவ நேரம் இருக்காது. பச்சப் புள்ள தாங்காது. கொப்புளம் வந்து ஒரு வாரமாச்சும் ஆவட்டும், அப்புறம் பொறந்தா தாயோட சக்தியும் சேந்து போயிருக்கும்."

அங்கிருந்தே எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்கு ட்ரங்க் கால் போட்டோம். கடைக்காரர் ஆளனுப்பிக் கேட்டு, சாயங்காலம் பதில் சொன்னார். அம்மா சொன்னது இது: ரெண்டு பொண்ணுங்களுக்கும் சின்ன வயசுலயே வந்துட்டுது, பயப்பட வேண்டாம்.

அம்மாவின் பதிலில் பாதி பொய் என்பதை என் உடம்பே சொல்லிக்கொண்டிருந்தது. சின்னம்மை ஒருவருக்கு இரண்டாவது முறை வருவது அபூர்வம். எனக்கு வந்திருந்தால் இப்போது வந்திருக்காது. மீதிப் பாதியை எப்படி நம்புவது?

அறைக்குத் திரும்பியதும் கீழே வீட்டுக்காரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். காலி பண்ணச் சொல்வார் என்று எதிர்பார்த்துப் பெட்டியை எங்கே வைப்பது என்றுகூட யோசித்திருந்தேன். அவர் பேசாமல் கொல்லைக்குப் போய் ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்துவந்து மாடிப்படியின் அடியில் செருகினார்.

"வாடகைக்கு இருக்கிறவள வெரட்டலாம். கூட வந்திருக்கிறவள வெரட்ட முடியுமா? போய்ப் படு. படியத் தாண்டாத."

அந்த வேப்பிலை எந்த அறிவிப்புப் பலகையைவிடவும் நன்றாக வேலை செய்தது. பால்காரர் படியடியிலேயே நின்றார். தபால்காரர் சைக்கிளில் இருந்தபடியே கூப்பிட்டார். வீட்டுக்காரம்மா கேப்பைக் கூழையும் மோரையும் மேல் படியில் வைத்துவிட்டு இறங்கிவிடுவார். அவருக்குச் சிறுவயதிலேயே வந்து போய்விட்டது. அதை அவர் தன் நெற்றியில் இருந்த குழியைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். என் பொருட்டுக் கீழ்வீட்டிலும் தாளிப்பு நின்றுபோனது.

"எங்க வீட்டுக்காரர் 'அவ எப்ப போவா'ன்னு கேட்டுக்கினே இருக்காரு. எவளச் சொல்றீங்க, மாடியில இருக்கிற பொண்ணையான்னு கேட்டேன். இல்ல, கூட வந்தவளச் சொல்றேங்கறாரு. கடுகு வெடிச்ச சத்தம் கேட்டு எத்தினி நாளாச்சுங்கறாரு."

சிரித்தால் வாய்க்குள் இருந்த புண் இழுத்தது. செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் செய்தேன். நகங்களை ஒட்ட வெட்டினேன். டாக்டர் கொடுத்தனுப்பிய காலமைன் லோஷனைக் குலுக்கிப் பஞ்சில் தொட்டு ஒவ்வொரு கொப்புளத்தின் மேலும் வைத்தேன். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், ஆஸ்பிரினைத் தொடவே கூடாது என்று சீட்டில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். குளிப்பதில்தான் தகராறு. இறங்கும் வரை உடம்பில் தண்ணீர் படக்கூடாது என்றார் வீட்டுக்காரம்மா. வெந்நீரை ஆறவைத்து, பழைய பருத்திப் புடவைத் துண்டை நனைத்து உடம்பை ஒற்றி எடுத்தேன். ஒற்றுவதை அவர் குளியலில் சேர்க்கவில்லை. அரிப்பு தாங்காதபோது அவர் தந்த வேப்பங்கொழுந்தால் வருடிக்கொண்டேன். அதை நான் மருத்துவத்தில் சேர்க்கவில்லை, ஆனால் அது இல்லாவிட்டால் நகம் போயிருக்கும்.

உடம்பு எனக்குப் பெரிய கவலையாக இல்லை. கொப்புளம் உடையும், பொருக்குத் தட்டும், விழும். ஆனால் அக்காவின் வயிற்றை நினைத்தால் படுத்த இடத்தில் படுக்க முடியவில்லை.

இரண்டாம் நாளே அம்மா வந்துவிட்டாள். படியேறும் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்தினேன்.

"உள்ள வராத."

"ஏன்? பெத்தவ வராம வேற எவ வருவா?"

"திரும்பிப் போயி அக்கா பக்கத்துலதான படுப்ப?"

"எனக்குத்தான் வந்து போச்சேடி. மூக்குமேல தழும்பு பாரு."

வந்து போனவள் தள்ளி உட்கார்ந்து, கையைக் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு போனால் ஆபத்தில்லை என்று எனக்குத் தெரியும். கதவைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, வீட்டுக்குக் கிளம்பு, பெத்த வீடு இருக்கும்போது வெளியூரில் எதற்குக் கிடக்கவேண்டும் என்று தொடங்கினாள். கீழேயிருந்து வீட்டுக்காரம்மாவின் குரல் வந்தது: "வந்த எடத்துலருந்து தூக்கிக்கினு போவக்கூடாதுங்க. உங்களுக்குத் தெரியாததா?" அம்மா வாயை மூடிக்கொண்டாள். நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டாள்.

"அக்காவுக்கு வந்துச்சுன்னு எப்படிச் சொல்ற?" என்று கேட்டேன்.

"ஏன், மூணு தண்ணியும் நான்தான ஊத்தினேன்? உங்க ரெண்டு பேரையும், உங்க சித்தப்பா பையனையும் கெழக்கப் பாத்து வரிசயா குந்தவச்சி, மஞ்சாவும் வேப்பிலயும் போட்டு வெயில்ல வச்ச தண்ணிய."

"கொப்புளம் யாரு ஒடம்புல இருந்துச்சு?"

"அவன் ஒடம்புலதான். கொத்துக் கொத்தா."

"எங்க ஒடம்புல?"

அம்மா என்னைப் புரியாமல் பார்த்தாள். "வீட்டுக்கு வந்தா எல்லாருக்கும் வந்ததுதான்டி. ஊத்தறப்ப வீட்ல இருக்கிற புள்ளைங்க எல்லாத்துக்கும் சேத்துதான் ஊத்துவாங்க."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. அம்மை இறங்கியதும் ஒன்றுவிட்டு ஒரு நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீரோடு அம்மையாக வந்தவள் வீட்டைவிட்டுப் போய்விட்டதாகக் கணக்கு. நோய் ஒருவனுக்கு, விடைகொடுப்பது வீட்டில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும். அம்மாவின் ஞாபகத்தில் இருந்தது கொப்புளம் இல்லை, அந்த மூன்று ஈரத் தலைகள்.

"உங்கள அவன்கிட்ட அண்டவே விடலியே," என்றாள் பெருமையாக. "அவன் எறங்கற வரைக்கும் உங்கள பின்பக்கத்து ரூம்லதான்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவ்வளவு நன்றாகப் பிரித்து வைத்திருந்தால் எங்கள் இருவருக்குமே வந்திருக்காது என்பது அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவளுக்கு..."

"வரலாம். வராமலும் போவலாம்."

கிளம்பும்போது இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அக்காவை, அவளுக்குப் பிரசவம் பார்க்கப்போகும் டாக்டரம்மாவிடம் மாதப் பரிசோதனைக்கு அழைத்துப் போய் மற்ற கர்ப்பிணிகளோடு பெஞ்சில் உட்கார வைக்கக்கூடாது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் உடனே எனக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

"அவளுக்குத்தான் இன்னும் ஒண்ணும் இல்லியே?"

"எனக்குந்தான் ஞாயித்துக்கெழம ஒண்ணும் இல்ல."

பொருக்கெல்லாம் உலர்ந்து உதிரும் வரை அறையிலேயே இருந்தேன். வீட்டுக்காரம்மா மூன்று தண்ணீரையும் ஊற்றினார், நான் மறுக்காமல் கிழக்கே பார்த்து உட்கார்ந்தேன். லேப்புக்குத் திரும்பினேன். ஒவ்வொரு காலையும் செய்தி வராதது நல்லது என்று ஒரு முறையும், இன்னும் நாள் இருக்கிறது என்று ஒரு முறையும் சொல்லிக்கொள்வேன். வருவதானால் சீக்கிரம் வந்துவிட வேண்டும். வராவிட்டால் வரவே கூடாது. தாமதமாக வருவதுதான் பயம்.

மூன்றாவது வாரம் தொடங்கியபோது மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். அக்காவுக்குக் காய்ச்சல், முதுகில் இரண்டு கொப்புளம். டாக்டரிடம் சொல்லிவிட்டு, லேப்பிலிருந்து நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். விக்கிரவாண்டி தாண்டும் வரை அக்காவின் தேதியையும் இன்றைய தேதியையும் கழித்துக்கொண்டே இருந்தேன். கணக்கு எங்கள் பக்கம்தான் இருந்தது. ஆனால் தலைப்பிரசவம் எந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டது?

வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. அப்பாவுக்கு இதுவரை வந்ததில்லை என்று அம்மா இந்த முறை நன்றாக யோசித்துச் சொன்னாள். அவர் கழனியில் மோட்டார் கொட்டாயில் படுத்துக்கொள்ளப் போயிருந்தார். அம்மா என்னை வாசலில் நிறுத்தாமல் வழிவிட்டாள். "நீ போ உள்ள. வந்து போனவ."

அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"வாடி லேபு," என்றாள். "அன்னைக்கி வந்தப்ப அக்காவுக்கு என்னா வாங்கியாந்தேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னு கைய விரிச்ச. இவ்ளோ வாங்கியாந்து குடுத்துட்டுப் போயிருக்கிற."

நான் பையிலிருந்து லோஷன் பாட்டிலை எடுத்தேன்.

"குடுக்கறதும் நீ, மருந்து போடறதும் நீ. நல்ல பொழப்பு."

அவளுக்கு எனக்கு வந்ததைவிட அதிகமாக வந்தது. நெஞ்சு, முதுகு, தலைமுடிக்குள். வயிற்றில்தான் மிக அதிகம். தோல் இழுத்துக் கட்டிய மாதிரி இருந்த அந்த வயிற்றின் மேல், ஒவ்வொரு கொப்புளத்துக்கும் பஞ்சு வைப்பேன். உள்ளே குழந்தை உதைக்கும். தோல் ஒரு பக்கம் எழும்பி, நான் தொடப்போன கொப்புளம் விரலை விட்டு நகரும். அக்கா இரண்டு கைகளையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள், சொறியாமல் இருப்பதற்கு.

டாக்டரம்மா என்றதும் அம்மா எழுந்து நின்றுகொண்டாள்.

"அம்மைக்கு வைத்தியம் பாப்பாங்களா? அவ கோவிச்சிக்கினா என்னா பண்ணுவ?"

"அம்மைக்கு இல்லம்மா. பிரசவத்துக்கு. வந்தவளுக்கு வேப்பில, வரப்போறதுக்கு டாக்டர்."

அம்மா மறுபடி உட்கார்ந்தாள். "ஊசி போடக்கூடாதுன்னு சொல்லு," என்றாள். அதுவே சம்மதம்.

நான் மட்டும் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். மத்தியானம் கூட்டம் போனபின் பின்வாசல் வழியாக அழைத்துவரச் சொன்னார். கூண்டு போட்டு மூடிய ஒற்றைமாட்டு வண்டியில் அழைத்துப் போனோம். ஸ்டெதஸ்கோப்பை அக்காவின் நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டார். குழந்தையின் துடிப்பையும் கேட்டார்.

"இருமலோ மூச்சு வாங்கறதோ இருந்தா அந்த நிமிஷமே வாங்க, நேரம் காலம் பாக்காதீங்க. இல்லன்னா வீட்லயே படுத்திருக்கட்டும். வலி எவ்ளோ தள்ளிப் போவுதோ அவ்ளோ நல்லது. ஒரு வாரம் தள்ளிட்டா எனக்குத் தூக்கம் வரும். வலி எடுத்தா இதே பின்வாசல். முன்னாடி வந்து மத்தவங்களோட குந்தக் கூடாது."

அன்று முதல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே வேண்டுதல். காரணங்கள்தான் வேறு. மூன்று தண்ணீர் ஊற்றாமல் குழந்தை பிறந்தால் தீட்டும் அம்மையும் ஒரே கூரைக்குள் இருக்குமே, அவளை எப்படி வழியனுப்புவது என்பது அம்மாவின் பயம். அக்காவின் ரத்தத்தில் இப்போதுதான் உருவாகத் தொடங்கியிருக்கும் ஒன்று தொப்புள்கொடி வழியாகப் போய்ச்சேர நேரம் வேண்டும் என்பது என் பயம். அம்மா தன்னுடையதை வாய்விட்டுச் சொன்னாள். நான் அக்காவின் மூச்சை எண்ணினேன்.

புதுக் கொப்புளம் வருவது நிற்பதற்குள் ஒரு மத்தியானம் வலி வந்தது. பக்கத்து வீட்டில் மல்லாட்டைக் கடலை வறுக்கும் வாசனை வந்ததால் அம்மா அப்போதுதான் வேலியருகே போய், இன்னும் கொஞ்ச நாளைக்கு வறுக்காதீங்கம்மா என்று கெஞ்சிவிட்டுத் திரும்பியிருந்தாள். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் மாறியிருந்தது. வயிற்றில் கை வைத்தேன். கல் மாதிரி இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகியது.

இடது பக்கமாகப் படுக்க வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். மறுபடி வலி வருகிறதா, நெருங்கி வருகிறதா என்று கையை எடுக்காமல் உட்கார்ந்தேன். அம்மா விளக்குமாடத்தின் முன்னால் நின்றுகொண்டு, "இப்ப வேணாம் தாயே, இப்ப வேணாம்," என்று முணுமுணுத்தாள். நானும் உதட்டை அசைக்காமல் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா கண்ணை மூடியபடியே சொன்னாள்: "புள்ள வர வேணாம்னு வேண்டிக்கினு குந்தியிருக்கிற குடும்பம் ஒலகத்துலயே நாமதான்."

வெயில் இறங்கும் நேரத்தில் வயிறு தளர்ந்தே இருந்தது. அவள் தூங்கிப்போனாள். அம்மா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இருவருக்கும் எழுந்து விளக்கேற்றத் தெம்பில்லை.

அதற்குப் பிறகு கொப்புளங்கள் அமுங்கின, பொருக்குக் கட்டின. இருமல் வரவில்லை. டாக்டரம்மா கேட்ட வாரம் முடிந்தது. அம்மா முதல் தண்ணீரை ஊற்றினாள், இரண்டாவதை ஊற்றினாள். மூன்றாவதன்று எங்களுக்குள் சண்டை. மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் வேப்பிலையை எடுத்துவிடுவார்கள், கூழ் ஊற்றுவார்கள், தெருவில் உள்ளவர்கள் கையில் குழந்தையோடு உள்ளே வருவார்கள். அக்காவின் முதுகில் உலராத புண் இன்னும் சில இருந்தன.

"தண்ணி ஊத்திக்கோ. வேப்பில அப்படியே இருக்கட்டும்," என்றேன்.

"மூணு தண்ணி ஊத்தியும் வேப்பிலய எடுக்கலைன்னா ஊரே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். வெளிய நின்னு சிரிக்கட்டும்."

அம்மா அண்டாவை வெயிலில் இருந்து நகர்த்தி அக்காவின் தலையில் தண்ணீர் ஊற்றிய பிறகு, வாசலுக்குப் போய்ப் பழைய கொத்தை எடுத்துவிட்டுப் புதுக் கொத்தைச் செருகினாள். கேட்டவர்களிடம், "எம் பொண்ணு லேப்ல படிச்சவ, அவகிட்ட பேசி முடியல," என்று சொன்னது எனக்குக் கேட்டது.

கடைசிப் பொருக்கு உலர்ந்த சில நாள் கழித்து உண்மையான வலி வந்தது. பின்வாசல், தனி அறை. விடிந்து வெயில் ஏறியபோது பெண் குழந்தை பிறந்தது. நல்ல அழுகை. டாக்டரம்மா குழந்தையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கா. இருந்தாலும் பாத்துக்கினே இருங்க," என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அம்மா கேட்கவில்லை. நான் கேட்டேன்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். துணி மாற்றும்போதெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக் கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம். இரண்டாம் நாள் காலை குழந்தையின் நெஞ்சில் சிவப்பாகப் புள்ளிகள் இருந்தன. நான்கைந்து. வயிற்றிலும் ஒன்று.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "என்னா?"

குழந்தையை இன்னும் ஜன்னல் பக்கம் திருப்பி, ஒரு புள்ளியின் இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாகத் தோலை விரித்தேன். சிவப்பு வெளுத்தது. நடுவில் முனை மாதிரி மஞ்சளாக ஏதோ. நீர் கோத்திருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. லேப்பில் மைக்ரோஸ்கோப்பின் அடியில் கண்ணாடித் துண்டை வைத்துப் பார்த்துத் தீர்மானமாகச் சொல்லிப் பழகிய எனக்கு, அந்தப் புள்ளியைப் பற்றி ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அம்மா வாசலில் கைகூப்பி நின்றாள். நர்ஸை அனுப்பி டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, குனிந்தார். என் விரலை விலக்கித் தன் விரலை வைத்தார். குழந்தையின் நாக்கைப் பார்த்தார், தலையைத் தடவினார், காய்ச்சல் இருக்கிறதா என்று வயிற்றைத் தொட்டார்.

"இது வேற. பொறந்த புள்ளைங்களுக்கு வர்ற பொரி. பாதிப் புள்ளைங்களுக்கு வரும். தானா மறையும்."

"நிச்சயமா டாக்டர்?"

"சாயங்காலத்துக்குள்ள எடம் மாறும் பாரு. அம்மையா இருந்தா எடம் மாறாது."

சாயங்காலம் நெஞ்சில் இருந்தவை மங்கியிருந்தன, தொடையில் புதிதாக இரண்டு இருந்தன. மறுநாள் அவையும் இல்லை. அன்றும் நான் குழந்தையைத் துணி நீக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். இன்னும் இரண்டு வாரத்துக்காவது அப்படிப் பிடிக்கத்தான் போகிறேன் என்று எனக்குத் தெரியும். குழந்தை காற்றில் கையை உதறி வீறிட்டது.

"போதும்டி," என்றாள் அக்கா, கையை நீட்டியபடி. "பாலுக்கு அழுவுது. குடு."

கொடுத்தேன்.